காத்தமுத்துவை நிறுத்தியது யார்?

திருச்சி பெரிய கடை வீதியில் தர்மராஜ் பாத்திரக் கடை என்று ஒன்று இருந்தது. டெல்லியில் பெரியவர்கள் கூடி அரசியல் சட்டம் எழுதுவதற்கு வெகு காலம் முன்பே அந்தக் கடை தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தது. டெல்லிச் சட்டத்தில் நூற்றுக்கணக்கான ஷரத்துகள். பாத்திரக் கடைச் சட்டத்தில் ஒரே ஒரு ஷரத்துதான். ஆயுத பூஜையன்று முதலாளி கையால் பொரிப் பொட்டலம் வாங்கியவனுக்கு அடுத்த ஆயுத பூஜை வரை வேலை உண்டு. வாங்காதவனுக்கு இல்லை.

இந்த ஷரத்தை இயற்றியவர் முதலாளி தர்மராஜின் தகப்பனார். அவர் பரம சாது. எதிரே நிற்கும் ஒரு மனிதனைப் பார்த்து, "நாளையிலிருந்து வராதே" என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. அதற்காக வேண்டாத ஆளை வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே வாயைத் திறக்காமல் ஆளை அனுப்பும் வழியைக் கண்டுபிடித்தார். தட்டில் பொட்டலம் இல்லையென்றால் வந்தவன் புரிந்துகொள்ள வேண்டும். புரிந்துகொண்டவன் சாமியைக் கும்பிட்டு, எல்லாரிடமும் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, வராமல் இருந்துவிடுவான். யாரும் யாரையும் நோகடிக்கவில்லை. அன்றிரவு முதலாளி வீட்டில் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். அனுப்பப்பட்டவன் தூங்கினானா என்று விசாரிப்பது அந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வரவில்லை.

இப்படி இரண்டு தலைமுறை அமைதியாக நடந்துகொண்டிருந்த சட்டத்தில் ஓட்டை போட்டவர் காத்தமுத்து. வேண்டுமென்று போடவில்லை. அவர் ஓட்டை உடைசல் பார்த்துப் பாத்திரம் விற்கிறவரே தவிர, ஓட்டை போடுகிறவர் அல்ல.

காத்தமுத்துவுக்கு அப்போது, அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், நாற்பது வயதைத் தாண்டியிருந்தது. வீடு ஸ்ரீரங்கத்தில், மொட்டைக் கோபுரத்துக்கு வெளியே. தினமும் காவிரிப் பாலத்தை நடந்தே கடந்து கடைக்கு வருவார். வெயில் அதிகமானால் மட்டும் டவுன் பஸ். கடையில் அவருக்கென்று ஒரு முக்காலி உண்டு. பித்தளைக் குடங்களுக்கும் புதிதாக வந்து மினுக்கிக்கொண்டிருந்த எவர்சில்வர் அடுக்குகளுக்கும் நடுவே அது கிடக்கும். அதில் உட்கார்ந்துகொண்டு பதினெட்டு வருஷமாக அவர் செய்துவந்த வேலை, வருகிறவர்களைப் பாத்திரம் வாங்க விடாமல் தடுப்பது.

உண்மைதான். கல்யாணச் சீருக்கென்று ஒரு தாயார் வந்து பெரிய அண்டாவைக் காட்டினால் காத்தமுத்துவுக்கு மனசு பொறுக்காது.

"இது எதுக்கும்மா? பொண்ணு போற வீட்டுல எத்தனை பேரு?"

"மாமியா, மாமனாரு, மாப்பிள்ளை, இவ."

"நாலு பேருக்கு இந்த அண்டாவா? இதுல தண்ணி ரொப்பி வச்சா சித்திரைத் தேருக்குத் தண்ணிப் பந்தல்தான் போடணும். அந்தச் சின்னதை எடுங்க. மிச்சத்துக்கு ஒரு இட்லிக் கொப்பரை பாருங்க. தினம் ஒங்க பொண்ணு உங்களை நெனைப்பா."

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்கு இது காதில் விழும். பல்லைக் கடித்துக்கொள்வார். ஆனால் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. சொல்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை.

நிற்க. அந்த வருஷத்து ஆயுத பூஜைக்கு வருவோம்.

தராசுக்கும் படிக்கல்லுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைக்கிற பொறுப்பு காத்தமுத்துவுடையது. அதை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது வரிசையில் கடைசி ஆளாகிவிட்டார். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. முதலாளியின் மச்சினர் ரெங்கராஜ் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றார். முதலாளி ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து, விபூதி பூசி, கொடுத்துக்கொண்டே வந்தார். காத்தமுத்துவுக்கு முன்னால் நின்ற கடை ஆள் பிச்சை, தன் பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தார். காத்தமுத்து கையை நீட்டினார்.

முதலாளியின் கை தாம்பாளத்துக்குப் போய், வெறும் பித்தளையைத் தடவி, நின்றது.

முதலாளி தாம்பாளத்தைப் பார்த்தார். காத்தமுத்துவைப் பார்த்தார். பிறகு சரஸ்வதி படத்தைப் பார்த்துக் கண்களை மூடிக்கொண்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் திடீரென்று பக்தி மேலிட்டவர்களாகக் கண்களை மூடிக்கொண்டார்கள். ரெங்கராஜ் எல்லாரையும்விட இறுக்கமாக மூடிக்கொண்டார்.

"அப்ப வரேங்க, முதலாளி."

"ம்" என்றார் முதலாளி, கண்ணைத் திறக்காமல்.

வீட்டில் மனைவி சந்திரம்மாள் கேட்டாள். "என்னங்க, பொரி எங்கே?"

"தீந்துபோச்சு."

"அவ்வளவு பெரிய கடையில ஒரு பொட்டலம் பொரி கூடவா தீந்துபோவும்?"

காத்தமுத்து ஷரத்தை விளக்கினார். பதினெட்டு வருஷமாக அவர் அதை வீட்டில் சொன்னதில்லை. சொல்ல அவசியம் வரவில்லை. சந்திரம்மாள் முழுதும் கேட்டாள். லால்குடிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண் அவள். எதையும் மூலத்திலிருந்து ஆரம்பிப்பாள்.

"சரி. வேலையை விட்டு நிறுத்திட்டேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"முதலாளி சொன்னாரா?"

"அவரு கண்ணை மூடிக்கிட்டாரு."

"கண்ணை மூடுனா சாமி கும்புடறாருன்னு அர்த்தம். எங்க ஊருல மேயற மாட்டை வெரட்டணும்னாக்கூட 'ஹேய்'னு ஒரு சத்தம் குடுப்பாங்க. ஒங்களுக்கு அது கூடவா இல்லை? சொல்லட்டும். சொன்ன பெறவு ஒக்காருங்க வீட்டுல."

மறுநாள் விஜயதசமி. காத்தமுத்து மத்தியானம் வரை வீட்டில் இருந்து பார்த்தார். வீட்டில் பகலில் எங்கே உட்காருவது என்றே அவருக்குத் தெரியவில்லை. எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் சந்திரம்மாள் அந்த இடத்தைப் பெருக்க வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பாலத்தின் மேல் நடந்தார்.

கடைக்குள் நுழைந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

கடையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இப்படி ஒன்று நடந்ததாகச் சரித்திரம் இல்லை. "எழுந்து போ" என்று சொல்லலாம். ஆனால் சொல்லவேண்டுமே! அந்தச் சொல்லைத் தவிர்ப்பதற்காகத்தானே பொரியே ஏற்பட்டது? முதலாளி கல்லாவில் குனிந்து சில்லறையை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினார்.

அன்றிலிருந்து கடை ஒரு புது வழிக்குப் பழகிக்கொண்டது. காத்தமுத்து இருப்பார். ஆனால் இருக்கமாட்டார். காலையில் எல்லாருக்கும் வரும் காபியில் அவருக்கு டம்ளர் வராது. பிச்சை தன் டம்ளரில் பாதியை ஆற்றுகிற சாக்கில் அவர் பக்கமாக நகர்த்திவைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். வாடிக்கைக்காரர்கள் பாடுதான் கஷ்டம்.

"காத்தமுத்து இருக்காருங்களா?"

"இல்லீங்க" என்பார் பிச்சை, காத்தமுத்துவின் முகத்தைப் பார்த்தபடியே.

"அதோ ஒக்காந்திருக்காரே?"

"ஒக்காந்திருக்காரு. ஆனா இல்லீங்க."

"ஏம்ப்பா காத்தமுத்து, நீ இருக்கியா இல்லையா?"

"வாங்க. என்ன வேணும்?" என்பார் காத்தமுத்து. அந்தக் கேள்விக்கு அவரிடம் இருந்த பதில் அவ்வளவுதான்.

இதை வீரம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பயம்தான். தினம் காலையில் பெரிய கடை வீதி திரும்பும்போதே முக்காலி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். இருந்தால் அன்றைக்கு வேலை இருக்கிறது. ஒரு நாள் அதை எடுத்துப் பரணில் போட்டுவிட்டால் என்ன செய்வது? இந்த வயதில் இன்னொரு கடையில் போய், "என்னப்பா, அங்கே ஏன் நின்னுட்டே?" என்று கேட்டால் என்ன சொல்வது? பொரி தரவில்லை என்றா? பெரிய கடை வீதி முழுக்க அந்த ஷரத்து தெரியும். பொரி கிடைக்காதவன் திருடியிருப்பான், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது செய்திருப்பான் என்றுதான் அர்த்தம். தான் எதைச் செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு பதினெட்டு வருஷத்தையும் புரட்டிப் பார்த்தார். ஒரு தடவை கரண்டிக்குப் பதிலாக ஜல்லிக் கரண்டியைக் கட்டிக் கொடுத்தது ஞாபகம் வந்தது. அதற்கா?

இந்த நிலையில்தான் இன்ஸ்பெக்டர் தைரியராஜ் வந்து சேர்ந்தார். கடைகளுக்கான சட்டத்தைக் கடைகள் அனுசரிக்கின்றனவா என்று பார்ப்பது அவர் உத்தியோகம். பாலக்கரையிலிருந்து சைக்கிளில் வருவார். ஒல்லியான மனிதர். எதையும் கோபமில்லாமல் கேட்பார். அதனாலேயே வியாபாரிகளுக்கு அவரைக் கண்டால் பயம். கோபித்துக்கொள்கிறவரைச் சமாதானப்படுத்தலாம். கோபமே படாதவரை என்ன செய்வது?

"வார விடுமுறை அட்டை எங்கேங்க?"

எவர்சில்வர் வாளிகளுக்குப் பின்னாலிருந்து அட்டை எடுத்துக் காட்டப்பட்டது.

"போன லீவு நாள்ல உள்ளேர்ந்து பாத்திரம் துலக்குற சத்தம் கேட்டுச்சே?"

"கடையை மூடித்தாங்க இருந்தோம்."

"முன் கதவைத்தான் மூடியிருந்தீங்க. சட்டம் ஆளுங்களுக்கு லீவு குடுக்கச் சொல்லுது. கதவுக்கு இல்லை." சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். "இவரு யாரு?"

முதலாளி கூரையைப் பார்த்தார். "இவரு வந்திருக்காருங்க."

"எதுக்கு?"

"சும்மா."

அந்த நேரம் பார்த்துக் காத்தமுத்து ஓர் அம்மாளுக்குக் குடத்தில் வைக்கோல் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சும்மா வந்தவரு சரக்கெல்லாம் கட்டிக் குடுக்கறாரே. தங்கமான மனுஷன்" என்ற இன்ஸ்பெக்டர் காத்தமுத்துவின் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க. இங்கே வேலையில இருக்கீங்களா?"

"அது தெரியாமத்தான் சார், தெனமும் வந்து பாத்துட்டுப் போறேன்."

கடை சிரித்துவிட்டது. முதலாளி சிரிக்கவில்லை. காத்தமுத்துவும் சிரிக்கவில்லை. அவர் உண்மையைத்தான் சொன்னார்.

விஷயம் வெளியே வந்தது. பொரி ஷரத்தைப் பிச்சைதான் விளக்கவேண்டி வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். பிறகு முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, முதலாளிக்கும் ஆட்களுக்கும் சேர்த்தே சொன்னார்.

"ஆறு மாசத்துக்கு மேல விடாம வேலை பார்த்தவரை நிறுத்தணும்னா நியாயமான காரணம் இருக்கணும். ஒரு மாசம் முன்னாடி நோட்டீசு குடுக்கணும். இல்லைன்னா அந்த மாசச் சம்பளத்தைக் குடுத்து அனுப்பணும். ஏதாவது தப்புப் பண்ணியிருந்தாருன்னா, அவரை வச்சுக்கிட்டு விசாரிங்க, அவரு பக்கத்தையும் கேளுங்க, தப்பு ருசுவாச்சுன்னா நோட்டீசுகூட வேணாம். அவருக்கு ஒப்பலைன்னா அப்பீல் பண்ணலாம்."

"பொரி?" என்று கேட்டார் முதலாளி, மெல்ல.

"சட்டத்துல பொரி இல்லீங்க."

"அப்ப என் கடையில ஒரு ஆளை நிறுத்த எனக்கு உரிமை இல்லைங்கறீங்க."

"யாரு சொன்னா? தாராளமா நிறுத்தலாம். வாயைத் தொறந்து ஏன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! மலைக்கோட்டையைத் தூக்கிக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் வை, அவ்வளவுதான் என்பதுபோல இருந்தது முதலாளிக்கு. முகம் வாடிப்போயிற்று. காத்தமுத்துவுக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இரண்டு நாள் யோசனைக்குப் பிறகு, சட்டப்படி ஒரு விசாரணை வைப்பதென்று முதலாளி முடிவு செய்தார். நிறுத்தியாகிவிட்டது. காரணம்தான் பாக்கி. அதை விசாரணையில் கண்டுபிடித்துக்கொள்ளலாம். விசாரிக்கிற பொறுப்பு மச்சினர் ரெங்கராஜுக்கு. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். கடையில் அதற்கு மேல் படித்தவர் யாரும் இல்லை. கடையில் வைத்தால் வியாபாரம் கெடும், விடுமுறை நாளில் வைத்தால் இன்ஸ்பெக்டர் வருவார் என்பதால், ஒரு காலை வேளையில், கடை திறப்பதற்கு முன், ஆண்டார் வீதியில் முதலாளி வீட்டுக் கூடத்தில் வைப்பதாக ஏற்பாடு.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் காத்தமுத்து அம்மா மண்டபத்துப் படித்துறையில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால் ரெங்கராஜ். பிரயாணம் போகிறவர்போலத் துண்டால் தலையை மூடியிருந்தார்.

"அண்ணே. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க தம்பி."

"அந்தப் பொட்டலம்." ரெங்கராஜ் ஆற்றைப் பார்த்தார். "நான்தாண்ணே தின்னுட்டேன்."

காத்தமுத்து ஒரு காலைத் தண்ணீரில் வைத்தபடியே நின்றார்.

"நவராத்திரி விரதம். எட்டு நாளா வெறும் பாலும் பழமும். நானா இருக்கலை, அக்காதான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு நான் வீட்டுலேர்ந்து கொண்டாந்த தாம்பாளத்தைக் கடைப் பின்னறையில வச்சிருந்துச்சா, பொரி வாசனை, நாட்டுச் சர்க்கரை வாசனை. ஒண்ணு கூடுதலாத்தான் கட்டியிருக்கும்னு நெனச்சேண்ணே. சத்தியமா."

காத்தமுத்து இன்னொரு காலையும் தண்ணீரில் இறக்கினார். கேட்க வேண்டிய கேள்விகள் ஆயிரம் இருந்தன. அவர் வாயில் வந்தது வேறு.

"நல்லா இருந்துச்சா?"

"தேங்காச் சில்லு வேற போட்டிருந்துச்சுண்ணே" என்றார் ரெங்கராஜ், அழுகிற குரலில்.

மெதுவாக மீதி விஷயமும் வந்தது. வீட்டில் பொட்டலம் கட்டுவது முதலாளியின் மனைவி ரெங்கம்மாள். ஒன்று குறைந்ததைப் பார்த்ததும், காத்தமுத்துவுக்கு மனைவிதான் கட்டவில்லை, ஏதோ காதில் விழுந்திருக்கும் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். காத்தமுத்துவை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், கட்டி அனுப்பியதைக் கணவர்தான் எடுத்துவிட்டார், ஏதோ கண்ணில் பட்டிருக்கும் என்று ரெங்கம்மாள் நினைத்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதை. இப்படியாக, வேலைநீக்கம் இருந்தது, நீக்கியவர் யாரும் இல்லை.

"இதை ஏன் தம்பி வீட்டுல சொல்லலை?"

"சீரங்கத்துல ஒரு கிளைக் கடை வச்சுத் தரேன்னு அக்கா சொல்லியிருக்கு. விரதம் இருக்கறவன், ஒழுக்கமானவன்னு நம்பித்தாண்ணே. பொரியைத் திருடித் தின்னான்னு தெரிஞ்சா அவ்வளவுதான். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க. நாளைக்கு விசாரிக்கிறவனே நான்தான். ஏதாவது பண்ணி ஒங்களை விட்டுடறேன்."

அவர் போன பிறகும் காத்தமுத்து படித்துறையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும். நாளைக்கு எல்லார் முன்னிலையிலும், "தின்னது ஒங்க மச்சினரு" என்று சொன்னால் முடிந்தது. பெரிய கடை வீதியில் அவர் பெயர் சுத்தமாகிவிடும். ஆனால் அதைச் சொன்ன வாயோடு அப்புறம் அதே கடையில், அதே மச்சினருக்குப் பக்கத்தில் உட்கார முடியுமா? சொல்லாமல் இருந்தாலோ, பொரிக்கு முன்னால் நிற்க முடியாத ஒரு மனிதனின் தைரியத்தை நம்பித் தன் பிழைப்பை வைக்கவேண்டும். வீட்டுக்குப் போய்ச் சந்திரம்மாளிடம் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் சொல்லவேணாம். யாரு ஒங்களை நிறுத்துனதுன்னு மட்டும் கேளுங்க. அதைக் கேக்க ஒங்களுக்கு உரிமை இருக்குன்னு அந்த சைக்கிள்காரரே சொன்னாருல்ல?"

விசாரணை தடபுடலாக இருந்தது. ரெங்கராஜ் மேஜைக்குப் பின்னால், இங்க் பேனாவும் வெள்ளைத் தாளும் வைத்துக்கொண்டு. முதலாளி ஊஞ்சலில். ரெங்கம்மாள் சமையலறை வாசற்படியில், நிலைக் கதவைப் பிடித்தபடி. சாட்சிக்குப் பிச்சை ஓரமாக நின்றார். எல்லாருக்கும் காபி வந்தது. காத்தமுத்துவுக்கும் வந்தது. குற்றவாளிக்குக் காபி தரலாமா என்று சட்டத்தில் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

குற்றச்சாட்டை ரெங்கராஜ் படித்தார். "மேற்படி காத்தமுத்து, சரக்கு வாங்க வருகிறவர்களைப் பெரிய சரக்கு வாங்கவிடாமல் தடுத்து, கடைக்கு நஷ்டம் உண்டாக்கினார்."

பதினெட்டு வருஷமாகப் பல்லைக் கடித்து அடக்கியது அப்படியே தாளில் ஏறியிருந்தது. முதலாளி ஊஞ்சலை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முக்கிய சாட்சி முசிறி அமிர்தம். வாழைத் தோப்புக்காரி. முதல் மகள் கல்யாணத்துக்கு அவள் கேட்ட பெரிய அண்டாவை எடுக்கவிடாமல் காத்தமுத்து தடுத்ததை முதலாளி கண்ணால் பார்த்திருக்கிறார்.

"ஏம்மா, இவரு ஒங்களை அண்டா வாங்க விடலைதானே?" என்று ரெங்கராஜ் கேட்டார்.

"விடலீங்க."

முதலாளியின் முகம் மலர்ந்தது.

"அதனாலதானே ரெண்டாவது பொண்ணுக்கும் இங்கேயே வந்தேன்" என்றாள் அமிர்தம். "இப்ப மூணாவதுக்கும் வந்திருக்கேன். என் ஓர்ப்படியா வேற கடையில சொன்னதையெல்லாம் கேட்டு வாங்கிட்டு, அண்டாவுல நெல்லு கொட்டி வச்சிருக்கா. ஏங்க, இவரை நிறுத்திட்டீங்களாமே? அப்ப நான் யாரு சொல்றதைக் கேட்டு வாங்கறது? ஒங்க சொல்லையா?"

முதலாளி ஊஞ்சலை மறுபடி ஆட்டிக்கொண்டார். பிச்சை இருமினார். அது இருமல்தானா என்று ரெங்கராஜ் குறித்துக்கொள்ளவில்லை.

"காத்தமுத்து, நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ரெங்கராஜ் தலையைத் தூக்காமல் கேட்டார். பேனா முனை தாளில் ஒரு இடத்திலேயே நின்று மசி வட்டமாகப் பரவியது. காத்தமுத்து அந்த வட்டத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணுங்க. என்னை நிறுத்துனது முதலாளியா, அம்மாவா?"

முதலாளி மனைவியைப் பார்த்தார்.

"நீதானே அவனுக்குக் கட்டலை?"

"நானா? எல்லாருக்கும் கட்டினேனே. நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு இருந்தேன்."

"நான் ஏன் எடுக்கப் போறேன்?"

"பின்னே ஏன் ஆளை நிறுத்துனீங்க?"

"நீ நிறுத்துனேன்னு நான் நெனச்சேன்."

"ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

"நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கூடத்தில் இத்தனை வார்த்தைகள் ஒரே நேரத்தில் பேசப்பட்டதில்லை என்று பிச்சை பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு ஓய்ந்ததும் இருவரும் ஒரே சமயத்தில் யோசித்தார்கள். வீட்டிலிருந்து கடைக்குத் தாம்பாளத்தைக் கொண்டுபோனது யார்? இருவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள்.

ரெங்கராஜ் தலை குனிந்து தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார். "குற்றம் ருசுவாகவில்லை. ஒரு பொட்டலம் வழியில் குறைந்தது தற்செயல். அதற்கு யாரும் பொறுப்பல்ல."

ரெங்கம்மாள் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்பீல் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் கிளைக் கடை அந்த வருஷம் திறக்கப்படவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் இல்லை.

காத்தமுத்து இன்னும் நின்றுகொண்டிருந்தார். தீர்ப்பு சரி. ஆனால் தீர்ப்பு மச்சினருடையது. முக்காலி முதலாளியுடையது. "அப்ப நான்?" என்றார்.

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி கண்ணை மூடப் பார்த்தார். "கண்ணை மூடாதீங்க" என்றார் ரெங்கம்மாள். முதலாளி தொண்டையைக் கனைத்தார். இரண்டு தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது என்னவோ, அது மெல்ல அசைந்தது.

"வேலை இருக்குய்யா. உன்னை நிறுத்தலை. கடைக்குப் போ." சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டார். உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொண்டதும் தைரியம் வந்துவிட்டது. "போறதுக்கு முந்தி ஒண்ணு. அந்தப் பெரிய அண்டா அஞ்சு வருஷமா அப்படியே கெடக்கு. அதைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்குது. ஏன்யா அதை விக்க விடமாட்டேங்கறே?"

"அது பெரிசுங்க."

"பெரிசுன்னுதான்யா அதுக்குப் பேரே அண்டா!"

வாயைத் திறந்த ஒருவர் அவ்வளவு சுலபத்தில் மூடுவதில்லை. அதற்குப் பிறகு முதலாளி தினமும் பேச ஆரம்பித்தார். பதினெட்டு வருஷத்து மனஸ்தாபங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தூசி தட்டி, காலை நேரத்தில் காத்தமுத்துவிடம் படித்துக் காட்டுவார். ஒரு நாள் இட்லிக் கொப்பரை. ஒரு நாள் குத்துவிளக்கு. எவர்சில்வர் டிபன் கேரியருக்கு மூன்றடுக்கு போதும் என்று எவனோ ஒருவனிடம் சொன்னது. மற்ற ஆட்களும் பேசக் கற்றுக்கொண்டார்கள். விடுமுறை நாளில் பாத்திரம் துலக்க மாட்டோம் என்று பிச்சை வாய்விட்டே சொன்னார். முதலாளியும் வாய்விட்டே திட்டினார். ஆனால் விடுமுறை அட்டை வாளிகளுக்கு முன்னால் வந்தது. இரண்டு வருஷம் கழித்து, சரக்கை வெளியே கடத்திக்கொண்டிருந்த ஓர் ஆளை நிறுத்தவேண்டி வந்தபோது, முதலாளி அவனை எதிரே உட்காரவைத்து, அவன் சொன்னதையும் கேட்டு, காரணத்தை முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. ஆள் போனதற்காக அல்ல. சொல்ல முடிந்ததே என்ற ஆச்சரியத்தில்.

காத்தமுத்து பக்கத்தில் உட்கார்ந்து தினசரித் திட்டைக் கைகட்டிக் கேட்டுக்கொள்வார். முகத்தில் ஒரு பிரகாசம் இருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்கு அது புரியாது. இவ்வளவு திட்டு வாங்குகிறவர் எப்படி இவ்வளவு நிம்மதியாக இருக்கிறார்? இல்லாத ஆளை யாரும் திட்டுவதில்லை என்பதை அந்தச் சில நாட்களில் தெரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் வீட்டில் சந்திரம்மாள் இலையில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பாள்.

"இன்னிக்கு ஏதாவது சொன்னாரா?"

"நெறைய சொன்னாரு" என்று காத்தமுத்து சோற்றைப் பிசைவார். "பித்தளைத் தவலை விஷயமா ரொம்ப நேரம் சொன்னாரு. பாதியிலதான் நிறுத்தியிருக்காரு. நாளைக்கு மீதி இருக்கும்."